கங்காணி வாயைக் கட்டிய நாற்பத்தாறு நாள்

தேவிகுளம் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, நாற்பத்தாறு நாள், ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாமல் அறுபத்து மூன்று பெண்களை வைத்துக் கொழுந்து பறித்தார்.

புலி புல் தின்றது என்றிருந்தால் நம்பியிருப்பீர்கள். மீன் மரமேறியது என்றிருந்தால் எந்த மரம் என்றாவது கேட்டிருப்பீர்கள். இதை நம்ப மாட்டீர்கள். தோட்டத்தில் இருந்து பார்த்தவர்களானால் சிரித்தே விடுவீர்கள். நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன், பேர் சுவக்கீன். இப்போது வேலையை விட்டு, வடகரப்பதியில் மகள் வீட்டில், மலையில் கிடைக்காத வெயிலையெல்லாம் சேர்த்துக் காய்ந்துகொண்டிருக்கிறேன். மருந்தில் தண்ணீர் கலந்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் அவ்வளவு கலக்கவில்லை.

செல்லத்துரைக் கங்காணியின் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள்களை நிறுத்தி வைத்துத் தேயிலைக் காடு காடாகப் பிரித்து அனுப்புகிற மைதானத்தில், அவர் வாயைத் திறந்தால் எதிர்மலை மூடுபனி வகிடு எடுத்ததுபோல் பிளக்கும். ஆள்கள் குடியிருக்கிற லயத்து நாய்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். துரை பங்களாவில் பால் திரிந்தால்கூடக் கங்காணி சத்தத்தில்தான் திரிந்தது என்று சொல்லிச் சமையல்காரன் தப்பித்துக்கொண்டான். ஒரு வசவை ஒரே நாளில் இரண்டு தரம் சொல்ல மாட்டார். அந்த விஷயத்தில் நாணயஸ்தர். அப்பன், பாட்டன், பாட்டன் வளர்த்த ஆடு வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார்.

மற்றபடி தங்கமான மனிதர். குடி கிடையாது. கை ஓங்க மாட்டார். மலையாள ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் கீழ் லயம் அடித்துக்கொண்டு போனபோது, தோளில் இரண்டு, இடுப்பில் ஒன்று என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்தார். வரும்போது வெள்ளத்தையும் திட்டிக்கொண்டே வந்தார். அதற்குப் பயந்துதான் தண்ணீர் மறுநாள் வடிந்தது என்பது என் கட்சி.

நான் சொல்கிற கதை, அந்த வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் நடந்தது.

எங்கள் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்களுடையது. வருஷத்தில் இரண்டு தரம், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும், போடி வழியாக மலையேறி பாதிரி ஐயர் வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். யார் யார் அதில் சேரலாம் என்று, மற்ற நாளில் கோயிலை நடத்துகிற உபதேசியார் வேதமுத்து முன்கூட்டியே பேர் எழுதி வைப்பார். அந்தப் பட்டியலில் செல்லத்துரை மனைவி அன்னாளின் பேர் எப்போதும் இருக்கும். செல்லத்துரை பேர் ஒருபோதும் இருந்ததில்லை. பதினேழு வருஷமாக அன்னாள் தனியாகத்தான் முன்னே போய் முழங்காலிடுவாள். பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு முழங்காலிடுவாள். யாராவது தெரியாமல் அந்த இடத்தில் வந்தால், ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், மறுபடி அதே அளவு இடம் விடுவாள்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, உபதேசியாருக்கு இருமல் மருந்து கொடுக்கப் போயிருந்தேன். செல்லத்துரை வந்து கதவருகில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஐயா, இந்த ஈஸ்டருக்கு எம் பேரையும் எழுதிருங்க.”

“எழுதலாம் வே. உம்ம வாயையும் கூட்டிக்கிட்டுத்தான வருவீரு?”

“நான் குடிக்கேனா ஐயா? திருடுதேனா? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத் தவறுதேனா?”

“இல்ல. ஞாயித்துக்கிழமை உம்மப்போல ஒரு பரிசுத்தவான் இந்த மலையில கிடையாது. திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு அந்தாளு எங்க போறாருன்னுதான் எனக்குத் தெரியல.”

செல்லத்துரை தரையைப் பார்த்தார்.

“பரிசுத்தம்ங்கது கோயில்ல வச்சுப் பூட்டிட்டுப் போற சாமான் இல்ல வே,” என்றார் வேதமுத்து, இருமலுக்கு நடுவில். “பத்தாம் நம்பர் காட்டுக்கு அதைக் கொண்டு போகணும்.”

“பத்தாம் நம்பருக்கா? அங்க அட்டை கடிக்கும் ஐயா.”

“கடிக்கட்டும். சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும். ஒரு கெட்ட வார்த்தை வரக்கூடாது. முடிஞ்சா வந்து சொல்லும், எழுதுதேன். உம்ம பேச்சை நம்புவேன். சாட்சி கேக்க மாட்டேன்.”

நான் கத்தோலிக்கன். எங்களவர்களானால் சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம், ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்குவது என்று காரியத்தை முடித்திருப்போம். இவர்கள் என்னடாவென்றால் சேற்றுக்குள் நடக்கிறவனைக் காலில் சேறு படாமல் நட என்கிறார்கள். மூன்றாம் நாள் ஆள் விழுந்துவிடுவார் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அன்னாள் முகம் ஞாபகம் வந்தது. விழாமல் இருக்கட்டுமே என்றும் இருந்தது.

சாம்பல் புதன் காலை. பெரட்டுக்களத்தில் அறுபத்து மூன்று பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். செல்லத்துரை முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். மூடினார். ஆற்றிலிருந்து எடுத்துப் போட்ட கெண்டைபோல மறுபடி திறந்தார். கடைசியில் ஒரு சத்தம் வந்தது.

“எல்லாரும்... போகலாமா?”

ஒருத்தியும் அசையவில்லை. பனி பெய்கிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் நின்ற மூக்கம்மாள்தான் முதலில் அழ ஆரம்பித்தாள்.

“ஐயோ, தோட்டத்த மூடப் போறாங்கடீ!”

அவ்வளவுதான். கங்காணி மரியாதையாகப் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது: சீட்டுக் கிழிந்தது, ஊருக்குப் போக வேண்டியதுதான். ஏழு மணிக்கு லயத்தில் பானைகளை அடுக்கினார்கள். எட்டு மணிக்குக் கோழிகளின் காலைக் கட்டினார்கள். ஒன்பது மணிக்கு முதல் கூட்டம் போடிப் பாதையில் இறங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்கும் சேதி போய், அங்கேயும் நாலு வீட்டில் அடுப்பை அணைத்தார்களாம். துரை குதிரையில் ஓடி வந்து, தோட்டம் மூடப்போவதில்லை என்று தமக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் கத்திய பிறகுதான் கோழிகள் அவிழ்க்கப்பட்டன.

துரை கங்காணியை என்னிடம் அனுப்பினார், நாக்கைப் பரிசோதிக்கச் சொல்லி. பக்கவாதமாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். அந்த நாக்கைக் கிட்டத்தில் பார்க்க எனக்கும் ரொம்ப நாளாக ஆசை. நீட்டச் சொன்னேன். ஆரோக்கியமான நாக்கு. லாயத்தில் கட்டிப்போட்ட குதிரைபோல் துடித்துக்கொண்டிருந்தது.

“நோவு ஒண்ணும் இல்ல கம்பவுண்டரய்யா,” என்றார் பாவம். “உள்ள நெறைய நிக்குது. அதான்.”

இரண்டாம் வாரம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். வசவு வருகிற இடத்தில் காய்கறிப் பேரைப் போடுவது. “ஏ சுரைக்கா! எங்கட்டீ பாக்குத, பூசணி!” என்று அவர் போட்ட போட்டில், வேலுத்தாய் என்கிற பெண் இரண்டு மணி நேரம் கூடைக்குள் தலையை விட்டு அழுதாள். பிறந்ததிலிருந்து யாரும் அவளை அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லையாம். சாயங்காலம் அன்னாள் காதுக்கு எட்டியது.

“காய் மாறிச்சு, வாய் மாறலையே,” என்றாள் அன்னாள்.

“பெறகு எப்படித்தான் கூப்பிட?”

“அவளுக்குப் பேரு இல்லையா?”

செல்லத்துரை யோசித்தாராம். வெள்ளத்துக்குப் பிறகு புதிதாக வந்த ஆள்கள். எட்டு மாதமாக அவரிடம் வேலை செய்கிறார்கள். பேர் வாசிப்பது கணக்கப்பிள்ளை வேலை. கங்காணிக்குப் பேர் எதற்கு? அவருக்குத் தெரிந்தது நாலு பேரோ ஐந்து பேரோ. மிச்சமெல்லாம் வசவு.

அடுத்த நாள் முதல் மனிதர் பேர் கேட்கத் தொடங்கினார். அதிலும் வில்லங்கம். அறுபத்து மூன்றில் ஐந்து வேலுத்தாய். “வேலுத்தாய்!” என்றால் ஐந்து தலை நிமிரும். ஆகவே எந்த வேலுத்தாய் என்று தெரிய, அவளைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டியதாயிற்று. ஒருத்தி இடது கைக்காரி. ஒருத்தி சங்கரன்கோவில். ஒருத்தி கயத்தாறு, மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தி புதுப்பெண். ஒருத்தி முன்பிருந்த தோட்டத்தில், வெள்ளத்தில் வீரபாண்டி என்ற மூன்று வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள்தான் பூசணிக்கு அழுதவள். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று செல்லத்துரை சோறு தின்னவில்லை என்று அன்னாள் எனக்குச் சொன்னாள்.

கெட்ட வார்த்தை இல்லாவிட்டால் கொழுந்து குறையும் என்று துரை முதல் கணக்கப்பிள்ளை வரைக்கும் பயந்தார்கள். மாட்டுக்குத் தார்க்குச்சி, ஆளுக்குக் கங்காணி வாய் என்பது மலையில் எல்லாருக்கும் மனப்பாடம். கொழுந்து குறையவில்லை. கூடியது என்றால் புளுகு என்பீர்கள். கூடியது. ஃபேக்டரியில் இலை காய வைக்கத் தட்டுப் போதாமல் கணக்கப்பிள்ளையின் கட்டிலில் காய வைத்தார்கள்.

மலையில் ஒரே ஓர் ஆள்தான் இதையெல்லாம் நம்பவில்லை. மொக்கையன். கொழுந்துச் சாக்கைப் பொதிமாட்டில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிறவன்.

“அட்டை ரத்தம் குடிக்காம இருக்கும், கங்காணி திட்டாம இருக்க மாட்டான்,” என்பான். “எங்கிட்டோ மறைவாப் போய்த் திட்டித் தீத்துட்டு வர்றான். இல்லாட்டி இந்நேரம் வயிறு வெடிச்சுருக்கும்.”

அவன் அப்படிச் சொல்ல நியாயம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊரில் தாயைப் புதைத்துவிட்டு வந்த நாலாம் நாள், அவன் மாடு வழுக்கி ஒரு சாக்குக் கொழுந்து பள்ளத்தில் போயிற்று. செல்லத்துரை பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் அவனுடைய தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அவருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. சாவுச் சேதி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நாக்கு நின்றிருக்குமா என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து மொக்கையன் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நான் எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொல்கிறவன். அந்த வார்த்தையை மட்டும் எழுத மாட்டேன்.

நாலாவது வாரம் மொக்கையன் காலில் மாடு மிதித்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். செல்லத்துரை வாசலில் வந்து நின்றார்.

“மொக்கையா.”

மொக்கையன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒங்கம்மாவப் பத்தி நான் சொன்னது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிரு.”

“நாப்பத்தாறு நாளைக்கு நல்லவனாக்கும்?” என்றான் மொக்கையன், என்னிடம் பேசுவதுபோல. “நாப்பத்தேழாம் நாளு எங்காத்தாளத் திரும்பத் தோண்டி எடுப்பாரு. அப்பப் பாத்துக்கிருவோம். போகச் சொல்லுங்க கம்பவுண்டரய்யா.”

செல்லத்துரையின் காது இரண்டும் காந்தள் பூவாகச் சிவந்தன. பழைய செல்லத்துரையானால் ஆஸ்பத்திரிக் கூரை பறந்திருக்கும். “சரி” என்றார். போய்விட்டார். நான் பதற்றத்தில் மொக்கையனுக்குப் போட வேண்டிய களிம்பை என் முழங்கையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மொக்கையன், சாக்கு ஏற்றுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம், கங்காணியை ஒளிந்திருந்து கவனிக்க ஆரம்பித்தான். புதருக்குப் பின்னால், பாறைக்குப் பின்னால், ஒருநாள் கொழுந்துச் சாக்குக்குள். ஒரே ஒரு கெட்ட வார்த்தை. அதைக் காதால் கேட்டுவிட்டால் நேரே உபதேசியாரிடம் போவதாகத் திட்டம். ஓடையோரம் கங்காணி தனியாக நின்று வாய்க்குள் என்னவோ முணுமுணுக்கிறார் என்று ஒருநாள் ஓடிவந்து சொன்னான். “என்ன முணுமுணுத்தாரு?” என்றேன். “தண்ணிச் சத்தத்துல கேக்கல. மந்திரமா இருக்கும்” என்று விட்டுவிட்டான்.

நாற்பத்தாறாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். ஐயர் போடியிலிருந்து கிளம்பிவிட்டார், சாயங்காலம் வந்துவிடுவார் என்று ஆள் வந்து சொல்லிப் போயிருந்தான். முந்தின ராத்திரி கோடை மழை கொட்டியதால் காலையில் மூடுபனி. மூடுபனி என்றால் சும்மா இல்லை. என் கையை நீட்டினால் விரல் போன இடம் தெரியவில்லை, கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெண்கள் பத்தாம் நம்பர் காட்டின் அடிச்சரிவில், சதுப்பு ஓரமாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். இடதுபக்கம் சோலைக்காடு. வலதுபக்கம், வெள்ளத்தில் மண் சரிந்து உண்டான பள்ளம். விழுந்தால் எலும்பு பொறுக்கத்தான் போக வேண்டும்.

ஒன்பது மணி இருக்கும். சோலைக்குள்ளிருந்து ஓர் ஒற்றை யானை இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எனக்கு மரம் முறிகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பால் பானைக்குள் உட்கார்ந்திருக்கிறவன் எதைப் பார்ப்பான்? யானை வந்தால் தகரத்தை அடித்து, கூச்சல் போட்டு விரட்டுவது வழக்கம். அந்த மூடுபனியில் அதைச் செய்தால் யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யானைக்கே தெரியாது. பெண்கள் மிரண்டு ஓடினால் பாதிப் பேர் பள்ளத்துக்குள்.

அப்போது செல்லத்துரையின் குரல் எழுந்தது.

பழைய குரல். நாற்பத்தைந்து நாளாக மலை மறந்திருந்த குரல். சரிவின் உச்சியிலிருந்து, நிற்காமல், மூச்சு விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக இடி விழுவதுபோல. ஃபேக்டரியில் கேட்டது. துரை பங்களாவில் கேட்டது. தேவிகுளம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா பேனாவைக் கீழே போட்டார் என்றும் கேள்வி. வார்த்தை ஒன்றும் பிரியவில்லை, சத்தம்தான். கேட்ட அத்தனை பேரும் ஒரே மாதிரி நினைத்தோம்: போச்சு. அணை உடைந்தது. எனக்கு யானைகூட மறந்துவிட்டது. அன்னாள் நாளைக்கும் தனியாகத்தான் முழங்காலிடுவாள் என்பது மட்டும் நினைவில் நின்றது.

குரல் நின்றது. மூடுபனிக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக மேலே வந்து விழுந்தார்கள். அறுபத்து மூன்று பேர். ஒரு முழங்கால் சிராய்ப்பு, ஒரு கால்விரல் நகம். யானை ஏழு கூடையை மிதித்து, ஒரு கூடைக் கொழுந்தைத் தின்று பார்த்து, பிடிக்காமல் துப்பிவிட்டுச் சோலைக்குள் திரும்பியது.

மத்தியானம் மூன்று மணிக்கு உபதேசியார் கோயிலில் பட்டியலை முடித்துக்கொண்டிருந்தார். ஐயருக்காக மேஜை போட்டிருந்தது. அதன்மேல் விரிக்க வேண்டிய வெள்ளைத் துணியைத் துவைத்துக் காய வைத்து, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அன்னாள் நின்றிருந்தாள். செல்லத்துரை உள்ளே வந்தார். குரல் கட்டிப்போய், காற்றுத்தான் வந்தது.

“ஐயா, எம் பேரு எழுதியிருந்தா அடிச்சிருங்க.”

“ஏன் வே? கெட்ட வார்த்தை சொன்னீரா?”

“தெரியல ஐயா.”

“தெரியலன்னா?”

“யானை வந்ததுந் தெரியும். கத்துனதுந் தெரியும். என்ன வாயில வந்துச்சுன்னு தெரியல. முப்பது வருசப் பழக்கம். வந்துருக்கும். நிச்சயமில்லாம இவ பக்கத்துல நான் முட்டி போட மாட்டேன்.”

அன்னாள் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வேதமுத்து பேனாவை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் பாதிக் காடு நின்றது, பிழைத்துவந்த பெண்கள்.

“நீங்க சொல்லுங்கம்மா. கங்காணி என்ன கத்துனாரு?”

மூக்கம்மாள் முந்தினாள். “சாமி சத்தியமாப் பாட்டுத்தான் பாடுனாரு உபதேசியாரய்யா! யானைகூடத் தலையாட்டுச்சு!”

“நீ கேட்டியா?”

“எம் பேரு கேட்டுச்சு. பெறகு ஓட்டந்தான். ஓடுறவளுக்கு யானை தலையாட்டுனது எப்படித் தெரியும்னு கேக்காதீக.”

“எனக்கும் எம் பேருதான் காதுல விழுந்துச்சு,” என்றாள் இன்னொருத்தி. “எனக்கும்.” “எனக்கும்.” அறுபத்து மூன்று பேருக்கும் அதே கதை. தன் பேர் வந்ததும் ஓடியவளுக்கு, யானைப் பயத்தில், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரியவில்லை. ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் கங்காணி என்ன சொன்னார் என்று சொல்ல ஆள் இல்லை.

“நான் கேட்டேன்,” என்றேன் நான். “ஆஸ்பத்திரி வாசல்லேருந்து ஒவ்வொரு எழுத்தும் கேட்டுது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை.”

வேதமுத்து என்னைப் பார்த்தார். பெண்களும் பார்த்தார்கள். செல்லத்துரையே பார்த்தார். என் ஆயுசில் நல்ல காரியத்துக்காக நான் சொன்ன ஒரே பொய். அதை ஒரு பிள்ளைகூட நம்பவில்லை. முந்தின பொய்களுக்கெல்லாம் அன்றைக்குச் சேர்த்துத் தண்டனை வாங்கிக்கொண்டேன்.

“அடிச்சிருங்க ஐயா,” என்றார் செல்லத்துரை மறுபடியும். “அடுத்த வருசம் பாப்போம்.”

வேதமுத்து பேனாவை எடுத்தார். எடுத்தாரே தவிர, மையில் தொடவில்லை. அன்னாள் மேஜையிடம் போய்த் துணியை விரிக்கத் தொடங்கினாள். ஒரு மூலை மடங்கிப் போயிற்று. அதை நீவிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் பெண்களை விலக்கிக்கொண்டு மொக்கையன் உள்ளே வந்தான். கோயிலுக்குள் அவன் கால் வைத்தது அதுதான் முதல் தரம். முழங்கால் வரை சதுப்புச் சேறு. தலைப்பாகையை எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் பாதி எடுத்து நிறுத்திக்கொண்டான்.

“நான் அங்கனதான் இருந்தேன் ஐயா,” என்றான். “சதுப்புக்குப் பக்கத்துல, பாறைக்குப் பின்னாடி.”

“அங்க ஒனக்கு என்ன வேலை?”

“இவரு திட்டுறதப் பிடிக்கத்தான். ஊருக்கே தெரியும்.” பெண்கள் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, அவன் திரும்பவில்லை. “மொத வார்த்தையிலேருந்து கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன். காதத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்துருந்தேன். ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும், பிடிச்சுக்கிரலாம்னு.”

“வந்துச்சா?”

மொக்கையன் செல்லத்துரையைப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் முதல் தரமாக நேராகப் பார்த்தான்.

“காலையில வரிசை பிரிச்சு நிறுத்துனதே அவருதான, மரம் முறியிற சத்தத்த வச்சு யானைக்குக் கிட்ட இருந்தவளுகள மொதல்ல கூப்பிட்டாரு. ‘எடதுகை வேலுத்தாயி, எஞ் சத்தத்தப் பாத்து மேல வா. சங்கரன்கோயிலு, நீ வா. மூக்கம்மா, கூடையப் போட்டுட்டு வாம்மா.’ ஒருத்தி நகந்ததும் அடுத்தவ. மொத்தமாக் கூப்பிட்டிருந்தா மோதிக்கிட்டுப் பள்ளத்துல விழுந்திருப்பாளுக. ஒருத்தி மட்டும் கல்லாட்டம் நின்னுபோனா. அவளப் பேரச் சொல்லிக் கூப்பிடல. ‘வீரபாண்டி ஆத்தா, வா தாயி’ன்னாரு. அதுக்குத்தான் அவ நடந்தா.”

வாசலில் அந்த வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அறுவத்து மூணு பேரு. ஓடையோரம் முணுமுணுத்தது மந்திரம் இல்ல, இந்தப் பேருகதான். நானும் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே இருந்தேன். முடிஞ்சுச்சு. யானை எனக்கு நாலு எட்டுல நிக்குது; அது மூச்சு எம்மேல படுது. நான் அங்க இருக்கது ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். இன்னையோட சரின்னு நெனச்சேன். அப்ப மேலருந்து சத்தம் வருது. ‘மொக்கையா, பாறைக்குப் பின்னால இருக்கது எனக்குத் தெரியும் தம்பி. எஞ் சத்தத்தப் பாத்து நேரா ஏறி வா. ஒன்னய விட்டுட்டு நான் போக மாட்டேன்.’ ”

தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட நின்றுவிட்டதுபோல் இருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

“கெட்ட வார்த்தை?” என்றார் வேதமுத்து மெதுவாக.

மொக்கையன் தலைப்பாகையை முழுக்க எடுத்துவிட்டான்.

“வரலய்யா,” என்றான். “நான் நம்பல. ஆறு வாரமா மலை பூராவும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், நடக்காதுன்னு. நடந்துருச்சு. அவரு பேர எழுதுங்க.”